நாலு பைட்

உள்ள வாங்கம்மா. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. ஆத்திவிளையில இருந்து ரெண்டு பஸ் மாறி, இந்த வெயில்ல பாளையங்கோட்டைக்கு வந்திருக்கீங்க. மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க.

பேரு சுயம்புக்கனின்னு சொன்னீங்கல்லா? ஊர்ல கிணறு அளக்கிற குழுவுல இருக்கீங்க. சரி. அந்தக் கடுதாசியை மேசை மேல வைங்க, பொறவு பாக்கேன். கையெழுத்து போடுதேனா இல்லையாங்கிறது அதுக்கும் பொறவு. நீங்க கேக்க வந்தது எனக்கு வெளங்கிட்டு. வியாழக்கிழமை தீர்ப்பாயத்துல வாய்தா. அதுக்குள்ள, 'பொதி'ங்கிற சாஃப்ட்வேர்ல பிழை இருக்கு, அந்தப் பிழையாலதான் ஆத்திவிளை கிணறு வத்துன நாளெல்லாம் ஃபைல்ல காணாமப் போச்சுன்னு, அதை எழுதுன இந்தத் தவசிமுத்து கையெழுத்து போட்டுத் தரணும். இல்லைன்னா குவாரியால கிணறு வத்தலைன்னு சாதிச்சு, பக்கத்துக் குவாரிக்காரன் இன்னும் நூறு அடி தோண்டுததுக்கு அனுமதி வாங்கிருவான். இதானே?

இதானே. யாரு அனுப்பிச்சா உங்களை? பேராச்சிதானே? சொல்லாண்டாம், உங்க மூஞ்சியிலேயே தெரியுது. நேர்ல வாரதுக்கு அவளுக்கு முகம் கிடையாது, அதான் உங்களை அனுப்பியிருக்கா.

நான் குறையாச் சொல்லல. நடந்ததைச் சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு யாருக்குத் துரோகம் பண்ணுனான்னு.

பொதின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? உபயோகப்படுத்துனீங்க, அது தெரியும். உள்ள என்ன நடக்குன்னு தெரியுமா? நான் பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாக்கேன், பதினேழு வருஷமா. அட்டெண்டன்ஸ் நோட்டுல ஒரு பையன் இருபது நாள் வரலைன்னா, இருபது தடவை ஆப்சென்ட், ஆப்சென்ட்னு எழுதிக்கிட்டா இருப்போம்? ஒரு தடவை எழுதி, நீளமா ஒரு கோட்டை இழுத்து, இருபதுன்னு போட்டுருவோம். அம்புட்டுதான். திரும்பத் திரும்ப வாரதை ஒரு தடவை எழுதிட்டு, எத்தனை தடவைன்னு பக்கத்துல போட்டா இடம் மிச்சம். இதுக்கு மேல நாலஞ்சு நுணுக்கம் இருக்கு, அதெல்லாம் சொன்னா உங்க பஸ் போயிரும். பெரிய ஃபைலைச் சின்னதாக் கட்டணும், வேணுங்கிறப்ப ஒரு எழுத்து மாறாம அவிழ்க்கணும். ரெண்டே கட்டளை வச்சேன். 'கட்டு', 'அவிழ்'. எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் இந்த ரெண்டு தமிழ் வார்த்தையை அடிச்சாத்தான் வேலை நடக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதுனது. மத்தவங்க தங்க சாஃப்ட்வேருக்குள்ள எடுத்துச் சொருகிக்கிடலாம், அதுக்குத்தான் லைப்ரரின்னு பேரு. வித்தேனா? இல்லையே. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம், யாரு வேணும்னாலும் திருத்திக்கிடலாம், திருத்துனதை யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்னு என் கைப்பட எழுதி இன்டர்நெட்ல போட்டேன். அப்படிப்பட்ட மனுஷன் நான். என் வீட்டுக்காரி அன்னைக்கே சொன்னா, "பொதின்னு பேரு வச்சிருக்கீங்க, சுமக்கிறதுக்கு ஒரு கழுதையும் தேடிக்கிடுங்க"ன்னு. அவளுக்கு எப்பவும் நக்கல்தான். ஏட்டி, காபி ஆச்சா?

கழுதை கெடைக்கல, பேராச்சி கெடைச்சா. ச்சே, அப்படிச் சொல்லக் கூடாது. வாய் தவறிட்டு.

சங்கரன்கோயில்காரி. என்னைவிட ரெண்டு வயசு இளையவ. ஏதோ கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்கா. முன்னப்பின்ன தெரியாது. ஒருநாள் மெயில் வருது. "அண்ணாச்சி, உங்க பொதியில காலி ஃபைலைக் கட்டி அவிழ்த்தா அப்படியே நின்னுருது. திருத்தம் இத்தோட வச்சிருக்கேன், சரியான்னு பாருங்க"ன்னு. பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. ஒரே வரி. எனக்கு மூணு நாளா வெளங்காம இருந்த இடம் அது. அதை அவகிட்ட சொல்லல.

அதுல இருந்து ஆறு வருஷம். தினம் காலையில பதினோரு மணிக்கு, எனக்கு இண்டர்வெல் விடுத நேரம், போன் வரும். "அண்ணாச்சி, சாப்டாச்சா?" அதுதான் மொத வார்த்தை. பொறவு பொதி. நாங்க நேர்ல பாத்துக்கிட்டதே மூணு தடவைதான். ஆனா எங்கூடப் பொறந்தவகூட எங்கிட்ட அம்புட்டுப் பேசுனது கெடையாது.

இந்த வேலையில சாவின்னு ஒண்ணு உண்டும்மா. அதை வச்சிருக்கவங்கதான் மூலப் பிரதியில கை வைக்கலாம். மத்தவங்க திருத்தம் அனுப்பலாம், சேக்கிறதும் தள்ளுததும் சாவிக்காரங்க கையில. உலகத்துலேயே ரெண்டு பேருகிட்டதான் இருந்துச்சு, எங்கிட்டயும் அவகிட்டயும். பொம்பளைன்னு பாத்தேனா? சரிசமமா வச்சேன். அவ என்ன பெரிய வேலை செஞ்சா? சின்னச் சின்ன வேலை. சரியா ஓடுதான்னு பாக்கிறதுக்குச் சோதனை எழுதுனா, ஒரு மூவாயிரம் இருக்கும். எப்படி உபயோகிக்கணும்னு புத்தகம் எழுதுனா. கேள்வி கேட்டு வார மெயிலுக்கெல்லாம் அவதான் பதில். வேகம் பத்தலைன்னு பாதியை மாத்தி எழுதுனா. மத்ததெல்லாம் நான்தான். மூளை என்னுது.

இப்ப அந்தப் போட்டிக்கு வாரேன். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது.

உலகத்துல இருக்க இந்த மாதிரி லைப்ரரிக்கெல்லாம் ஒரு பட்டியல் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பத்தாயிரம் ஃபைலைக் குடுத்துக் கட்டச் சொல்லுவாங்க. யாரு சின்னதாக் கட்டுதாங்களோ அவங்க மொத இடம். நம்ம பொதி நாலாவது. மொத இடத்துல இருந்தவனுக்கும் நமக்கும் எம்புட்டு வித்தியாசம்? முப்பத்தோராயிரம் பைட். ஒரு சின்ன போட்டோ அளவு கூட இல்லம்மா. மனசு ஆறுமா? சோறு எறங்குமா?

பொதி ஒவ்வொண்ணுக்கும் தலைமாட்டுல நாலு பைட் போட்டு வச்சிருந்தோம். உள்ள எத்தனை சாமான் இருக்குங்கிற எண்ணிக்கை. அவிழ்த்து முடிச்சதும் எண்ணிப் பாக்கும். சரியா இருந்தா 'சரி'ன்னு சொல்லும், இல்லைன்னா 'கெட்டுப் போச்சு'ன்னு கத்தும். பேராச்சி யோசனை அது. நான் யோசிச்சுப் பாத்தேன். பத்தாயிரம் ஃபைல், ஆளுக்கு நாலு பைட், நாப்பதாயிரம். அதைத் தூக்குனா நாமதான் மொதல்ல. நாம ஒழுங்காக் கட்டுனா எதுக்கு எண்ணணும்?

சொன்னதுக்கு போன்ல கெடந்து கத்துதா. "அண்ணாச்சி, அதுல மட்டும் கை வைக்காதீங்க. நம்ம தப்பை நமக்குச் சொல்லுதது அது ஒண்ணுதான்."

"நாமதான் தப்பு பண்ண மாட்டோமே."

"எல்லாரும் பண்ணுவாங்க அண்ணாச்சி."

"நீ பண்ணுவ. நான் பண்ண மாட்டேன்."

வெளையாட்டாத்தான் சொன்னேன். அவ சிரிக்கல. பொதுவாச் சிரிப்பா.

அடுத்த வாரம் அவ தங்கச்சி கல்யாணம். நாலு நாள் அவ கம்ப்யூட்டர் பக்கமே வரல. நான் அந்த நாலு பைட்டைத் தூக்குனேன். இனிமே எண்ணாமலே 'சரி'ன்னு சொல்லிரும். யாரைக் கேக்கணும்? என் பொதி. அதோட இன்னொண்ணும் செஞ்சேன். 'எத்தனை தடவை'ன்னு எழுதுத இடத்துக்கும் நாலு பைட் விட்டிருந்தோம், அதை ரெண்டாக் குறைச்சேன். ரெண்டு பைட்ல அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்து முப்பத்தஞ்சு வரைக்கும் எண்ணலாம். அதுக்கு மேல ஒண்ணு போனா, வண்டி மீட்டர் மாதிரி மறுபடி சைபர்ல இருந்து ஓடும். ஓடட்டுமே! எவன் ஒரே நம்பரை அறுபத்தஞ்சாயிரம் தடவை திருப்பித் திருப்பி எழுதப் போறான்? கிறுக்கனா?

மொத இடம்மா. பதினோரு நாள் மொத இடம். அந்தா சுவத்துல பாருங்க, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன். பன்னெண்டாம் நாள் எவனோ ஒருத்தன் வந்து முந்திட்டான், அது கெடக்கட்டும். கல்யாணம் முடிஞ்சு பேராச்சி வந்து பாத்தா. போன் பண்ணுனா. ஒரு வாழ்த்து உண்டா? "அண்ணாச்சி, சாப்டாச்சா?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டா. அன்னைக்கே அவ மனசுல விஷம் விழுந்துட்டு. நான்தான் கவனிக்கல, வெள்ளந்தி.

உங்க ஊர்ல இருந்து மெயில் வந்தது அந்தச் சமயம்தான். பதினாலு கிணத்துல தண்ணி மட்டம் பாக்கிற சென்சார் எறக்கியிருக்கோம், நிமிஷத்துக்கு ஒரு அளவு எழுதுது, இடம் பத்தல, பொதி உபயோகிக்கலாமான்னு. நீங்களா எழுதுனீங்க? அட! நான் எம்புட்டு மரியாதையாப் பதில் போட்டேன், ஞாபகம் இருக்கா? ஒரு யோசனையும் சொன்னேன். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்துல தேதி, மணி எல்லாம் எழுதி வச்சிருந்தீங்க. அது எதுக்கு வெட்டியா? ஆரம்பிச்ச நேரம் தெரியும், நிமிஷத்துக்கு ஒண்ணு, வரிசையா எண்ணிக்கிட்டுப் போனா நேரம் தானா வருது. தூக்குங்கன்னேன். தூக்குனீங்க. எம்புட்டு சின்னதாச்சு! நீங்க போட்ட நன்றி மெயில் இன்னும் எங்கிட்ட இருக்கு.

நன்றி மெயில் போட்ட அதே கை, ஒரு வருஷம் கழிச்சுப் புகார் எழுதுது. எல்லாரும் பாக்கிற பக்கத்துல. "ஐயா, ஐம்பது நாள் வத்திக் கெடந்த கிணறு நாலரை நாள்தான் வத்துனதா வருது"ன்னு. கோவப்படாதீங்க, குறையாச் சொல்லல. எனக்கு அன்னைக்கு லேப்ல பரீட்சை. அவிழ்க்கும்போது 'சரி'ன்னுதானே வந்துச்சுன்னு கேட்டேன். ஆமான்னீங்க. பொறவென்ன? "பிழை இல்லை. மூடப்பட்டது. சென்சார் பேட்டரியைச் சோதிக்கவும்." ரெண்டு நிமிஷத்துல முடிச்சேன்.

நான் மூடுன புகாரை அவ திறந்தாம்மா. நான் மூடுனதை! எல்லாரும் பாக்க! "அண்ணாச்சி, பொறுங்க, இதுல ஏதோ இருக்கு"ன்னு எழுதுதா. அப்படியே கூசிட்டு எனக்கு. பத்து நாள் கழிச்சு நீளமா ஒரு மெயில், என்ன தப்பு, எங்க தப்புன்னு. நான் முழுசா வாசிக்கல. வாசிக்கிறதுக்கு மனசு வரல. கூடவே திருத்தமும் அனுப்பியிருந்தா. அந்த நாலு பைட்டைத் திரும்பத் தலைமாட்டுல வச்சு, ரெண்டா இருந்ததைத் திரும்ப நாலாக்கி. சாவி அவகிட்டயும் இருக்குல்லா, அவளே சேத்திருக்கலாம். சேக்கல. "நீங்க எழுதுன வரி, நீங்களே மாத்துனாத்தான் மரியாதை அண்ணாச்சி"ன்னு சொல்லிக் காத்துக்கிட்டு இருந்தா. எம்புட்டு அழுத்தம் பாருங்க.

ஏழு மாசம் அது அப்படியே கெடந்துச்சு. தினம் பதினோரு மணிக்கு இதே பேச்சு. "சேத்துருங்க அண்ணாச்சி. இன்னும் எத்தனை பேரு நம்பிக் கட்டிக்கிட்டு இருக்காங்களோ. மூலத்தை அழிச்சிட்டா திரும்ப வராது அண்ணாச்சி." நான் சொன்னேன், "சேத்தா ஏழாவது இடத்துக்குப் போயிருவோம் பேராச்சி." அதுக்கு அவ ஒரு வார்த்தை சொன்னா. "எடத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க"ன்னு. எங்கிட்ட! சாவி குடுத்து வச்சிருக்க எங்கிட்ட!

சாவியைப் புடுங்கிட்டேன். ஆமா, புடுங்கிட்டேன். ஒரு வாரத்துக்குத்தான், சூடு ஆறட்டும்னு. அந்த ஒரு வாரம் ரெண்டு மாசம் ஆயிட்டு, அது வேற.

அப்பத்தான் அவ அதைச் செஞ்சா. ஃபோர்க்னு சொல்லுவாங்க. அண்ணன் தம்பிக்குள்ள ஒத்துக்கிடலைன்னா ஒருத்தன் தனி உலை வைக்கான்லா, அந்த மாதிரி. இருந்த பொதியை அப்படியே அள்ளிட்டுப் போயி, திருத்தி, 'புதுப்பொதி'ன்னு பேரு வச்சு இன்டர்நெட்ல போட்டுட்டா. ஒரு மாசத்துல ஊரே அந்தப் பக்கம் போயிட்டு. எத்தனை பேரு உபயோகிக்காங்கன்னு ஒரு எண் வரும்மா, தினம் பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பேன். நாப்பதாயிரம் இருந்துச்சு. நானூறு ஆச்சு. அந்த நானூறும் மாறுததுக்கு மறந்து போனவங்கதான்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னா இதான். சட்டப்படி தப்பில்லையாம். நான்தான் எழுதிக் குடுத்திருக்கேனாம், யாரு வேணும்னாலும் எடுத்துத் திருத்திக்கிடலாம்னு. ஏம்மா, யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்னுதான் எழுதுனேன். பேராச்சி எடுத்துக்கிடலாம்னா எழுதுனேன்?

அந்தப் பக்கத்தைத் திறந்தா மொத வரியில என் பேரு. 'இதைத் தொடங்கியவர் தவசிமுத்து அண்ணாச்சி. அவர் இல்லாமல் இது இல்லை.' மாலையைப் போட்டுப் பாடையில ஏத்துனா மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு நான் அழுதேம்மா. லேப்ல, பிள்ளைங்க முன்னாடி. கண்ணுல தூசின்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். அந்தா இந்தான்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆயிட்டு, இன்னும் பதினோரு மணி ஆனா கை தானாப் போனை எடுக்கு. எடுத்துப் பாத்துட்டு வைக்கும். சவத்த விடுங்க.

காபி எடுத்துக்கிடுங்க. சீனி போதுமா?

ஆமா, தீர்ப்பாயத்துல என்ன நடந்துச்சுன்னு சொன்னீங்க? குவாரிக்காரன் வக்கீல் நான் போட்ட பதிலைப் பிரிண்ட் எடுத்து வாசிச்சானா? 'பிழை இல்லை, மூடப்பட்டது'ன்னு? முழுப் பேரும் வாசிச்சானா, இனிஷியலோட? 'இதை உருவாக்கிய நிபுணரே சொல்லியிருக்கிறார்'னா? நிபுணர்னு சொன்னானா? சரி, சரி. எதிரின்னாலும் வெவரம் தெரிஞ்சவன்.

முறைக்காதீங்க. இருங்க, நானே நிரூபிச்சுக் காட்டுதேன். பென்டிரைவ் கொண்டாந்திருக்கீங்கல்லா, குடுங்க. எந்தக் கிணறு இது, ஏழாம் நம்பரா? உங்க கிணறா? நல்லதாப் போச்சு. பாருங்க, என் சொந்தப் பொதி, அவ பொதி இல்ல. 'அவிழ்.' முடிஞ்சிட்டு. என்ன சொல்லுது? வாசிங்க. 'சரி.' ஒரு குறை சொல்லுதா? சொல்லலல்லா? இந்தா, சைபர் சைபர்னு வருதே, அதான் கிணறு வத்துன நேரம். எத்தனை வரி? ஆறாயிரத்துச் சொச்சம். நாலரை நாள். அடுத்த வரியிலயே தண்ணி ஏறிட்டு. இதுல பிழை எங்க இருக்கு? நீங்கதான் கிணத்தைச் சரியா அளந்திருக்க மாட்டீங்க.

என்னது? அளக்கலையா, எறைச்சீங்களா?

ஐம்பது நாளும் காலையில வாளியை விட்டா மண்ணைக் கோரிக்கிட்டு வந்துச்சா. சரி. தண்ணி லாரிக்குப் பின்னால குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுனீங்களா. பக்கத்துல நின்ன எலுமிச்சை மரம் நாப்பது மூடும் பட்டுப் போச்சா. அது எனக்குத் தெரியாதும்மா. நான் கிணத்தைச் சொல்லல, ஃபைலைச் சொல்லுதேன்.

அது என்ன நோட்டு? சென்சாரை எறக்குன நாள், எடுத்த நாளா? எழுதி வச்சிருக்கீங்களா? குடுங்க பாப்போம். ஏப்ரல் ஒண்ணு காலை ஆறு மணிக்கு எறக்கியிருக்கீங்க. ஜூலை ஒண்ணு காலை ஆறு மணிக்கு பேட்டரி மாத்துததுக்கு எடுத்திருக்கீங்க. சும்மா ஒரு பெருக்கல் போட்டுப் பாக்கேன். ஏப்ரல் முப்பது, மே முப்பத்தொண்ணு, ஜூன் முப்பது. தொண்ணூத்தொரு நாள். நாளைக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது நிமிஷம். ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து நாப்பது வரி இருக்கணும். அவிழ்த்ததுல எத்தனை இருக்கு? அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்து நாலு. கழிச்சா...

ஏட்டி, இந்த ஃபேன் ஏன் இப்படி ஊர்ந்துக்கிட்டு கெடக்கு?

இல்லம்மா, ஒண்ணுமில்ல. கழிச்சா அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்து முப்பத்தாறு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இந்த நம்பரு எனக்குத் தெரியும். எங்க வேலையில இருக்க எவனுக்கும் தெரியும். கிணறு வத்துனா சென்சார் சேத்துல உக்காந்துக்கிட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் சைபர் சைபர்னு எழுதிக்கிட்டே இருந்திருக்கு. எழுதுமே. அது வேற என்னத்த எழுதும்? நாப்பத்தஞ்சு நாள் தாண்டுனதும் மீட்டர் திரும்பிட்டு.

தெரியும்மா. அந்த நாலு பைட் இருந்திருந்தா அன்னைக்கே கத்தியிருக்கும், நீங்களும் 'சரி'ங்கிறதை நம்பி சென்சார் எழுதுன மூலத்தை அழிச்சிருக்க மாட்டீங்க. தெரியும். நீங்க அதை வாயால சொல்ல வேண்டாம்.

இருந்தாலும் அது பிழை இல்ல. வரம்பு. பிழை வேற, வரம்பு வேற. வரம்பு உண்டுன்னு புத்தகத்துல எழுதி வைக்கலாம்னுதான் இருந்தேன், புத்தகம் பாக்கிறது பேராச்சி வேலை, அவ கல்யாணத்துக்குப் போயிட்டா. பொறவாவது எங்கிட்ட ஒரு வார்த்தை பக்குவமா எடுத்துச் சொல்லியிருந்தா...

நீ சும்மா இரு. கேட்டீங்களா, அடுக்களையில இருந்து குரல் வருது, "ஏழு மாசம் சொன்னாளே"ன்னு. என் வீட்டுக்காரியும் அவ கட்சிதான். எல்லாரும் அவ கட்சி.

விட்டுப்போன வரியைத் திரும்பச் சேத்துரலாம்னு பேராச்சி சொன்னாளா? சேக்கலாம். போனது எத்தனைன்னு தெரியும், எல்லாம் சைபர்னும் தெரியும். பதினாலு கிணத்துக்கும் சேக்கலாம். ஆனா நீங்களாச் சேத்தா அந்த வக்கீல் இட்டுக்கட்டுனதும்பான். எழுதுனவன் ஒத்துக்கிட்டாத்தான் சபையில நிக்கும். வெளங்குது, வெளங்குது. நான் ஒண்ணும் மடையன் இல்ல.

குடுங்க அந்தக் கடுதாசியை. வாசிச்சாவது பாப்போம். கண்ணாடி எங்க? 'பொதி எனும் மென்பொருளின் இரண்டாம் பதிப்பில்...' சரி. '...ஒரே அளவு 65,535 முறைக்கு மேல் தொடர்ந்தால்...' சரி, ஒழுங்காத்தான் எழுதியிருக்கா. '...இந்தப் பிழை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. இதற்கு நாங்கள் இருவரும் பொறுப்பு. இப்படிக்கு, பேராச்சி, தவசிமுத்து.'

என்னது இது?

நாங்கள் இருவரும்னா? எந்த இருவரும்? அவ எங்க இதுல வந்தா? மொதல்ல அவ பேரு, பொறவு என் பேரு! பாத்தீங்களாம்மா, இந்த அக்கிரமத்தை? பொதியை அள்ளிட்டுப் போனா, ஆளை அள்ளிட்டுப் போனா. மிஞ்சிக் கெடந்தது பொதியில நான் மாத்துன இந்த ரெண்டு வரி. அதுலயும் பங்கு கேக்கா! இந்த வரியில அவ கை பட்டதா? ஒரு புள்ளி வச்சாளா? வேண்டாம் வேண்டாம்னு கத்துனவதானே அவ? தங்கச்சி கல்யாணத்துல பந்தி வெளம்பிக்கிட்டு நின்னவளுக்கு இதுல என்ன சோலி?

பேனா குடுங்க. இது எழுதல, வேற இருக்கா? ஆங்.

இந்தா. 'நாங்கள் இருவரும்', அடிச்சிட்டேன். 'நான்.' 'சேர்ந்து'ங்கிறதையும் அடிச்சிட்டேன். 'நான் ஒருவனே.' பேராச்சி, அடிச்சிட்டேன். அடிச்ச இடத்துலயெல்லாம் சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கேன், வக்கீல் நொட்டை சொல்ல முடியாது. கீழ இன்னும் நாலு வரி சேக்கேன். அந்த வரி எழுதுன தேதி. அன்னைக்கு அவ ஊர்லயே இல்ல. எழுத வேண்டாம்னு முன்னாடியே தடுத்தா, நான் கேக்கல. புகார் வந்தப்ப மூடுனது நான், திறந்தது அவ. அவ அனுப்புன திருத்தம் ஏழு மாசம் எங்கிட்டதான் கெடந்துச்சு. எல்லாத்தையும் எழுதிட்டேன், ஒண்ணு விடல. இப்ப எப்படிப் பங்கு கேக்கான்னு பாப்போம்.

சே. தவசிமுத்து. தேதி. இந்தாங்க.

பத்திரமா வைங்க, மடிக்காதீங்க, இந்த அட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போங்க. எதுக்கு இப்பக் கண்ணைத் தொடைக்கீங்க? காபியும் ஆறிட்டு. நாலு மணி பஸ்ஸைப் புடிச்சா வெளிச்சத்துல வீடு போயிச் சேந்திரலாம். அவ போன் பண்ணுனா சொல்லுங்க, உன் பேரை அடிச்சிட்டாருன்னு. ரெண்டு கோடு போட்டு அடிச்சாருன்னு சொல்லுங்க.

என்ன? அவ ஏற்கெனவே சொன்னாளா? என்ன சொன்னா?

சும்மா சொல்லுங்க, பரவாயில்ல.

"அண்ணாச்சி எம் பேரை அடிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு, ரெண்டு பேனா கொண்டு போங்க"ன்னாளா?

பாத்தீங்களா. பாத்தீங்களாம்மா. என்னை அம்புட்டுத் தெரியும் அவளுக்கு. அம்புட்டுத் தெரிஞ்சவதாம்மா விட்டுட்டுப் போயிட்டா.